பரீட்சை முடியட்டும்

அக்டோபர் 3, செவ்வாய்

இது என் வீட்டுக்காரரின் பழைய டைரி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தார். சங்கத்தில் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார்கள், அவர் ஒரு வரி எழுத மாட்டார். எல்லாம் பரணில் கிடக்கிறது. அச்சடித்த கிழமை பொருந்தாது, அதை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். யாரிடமாவது கத்த வேண்டும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் கத்தினால் நாளைக்குச் சர்ச் முழுக்கத் தெரியும்.

காலையில் மைனி மறுபடியும் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, நவமணி. எழுபத்து நாலு வயது. கல்யாணம் கட்டவில்லை. பாளையங்கோட்டையில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் முப்பது வருஷம் வார்டன். ரிட்டயர் ஆனதிலிருந்து, அதாவது பதினாறு வருஷமாக, என் தலையில். நான் முழங்காலை இழுத்துக்கொண்டு தேடினால், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று காலேஜ் பிள்ளைகளை மறித்துக்கொண்டிருக்கிறாள். "யார்ட்ட கேட்டு வெளிய வந்திய? ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டியளா?" அந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலும்பு டாக்டர் நவம்பர் ஆறாம் தேதி எனக்கு மூட்டு ஆபரேஷன் என்று குறித்திருக்கிறார். ரெண்டு மாசம் நானே அடுத்தவர் கையைப் பிடித்துத்தான் நடக்க வேண்டுமாம். அதற்குள் இவளைச் சேர்க்க ஒரு இல்லம் பார்த்தாக வேண்டும்.

நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுகிறேன். இந்த நோட்டில் 'அவள்' என்று எழுதுவேன். இந்த உரிமைகூட எனக்கு இல்லையா?

அக்டோபர் 4, புதன்

"செல்வின் எங்க?"

செல்வின் என் வீட்டுக்காரர், அவள் தம்பி. இன்றைக்கு மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் சொன்னேன். "அவிய இறந்து மூணு வருசம் ஆச்சு மைனி. மாரடைப்பு." ஒவ்வொரு தரமும் இப்போதுதான் கேட்பதுபோல் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அழுகிறாள். அரை மணி கழித்து மறந்துபோகிறது, மறுபடியும் கேட்கிறாள்.

மூன்றாவது தரம் சொன்னபோது ஷெர்லின் போனில் இருந்தாள். என் மகள், ஓசூரில் வேலை. எல்லாம் கேட்டுவிட்டது. "ஏம்மா ஒவ்வொரு தடவையும் அத்தைய இப்படி அழ வைக்க? வெளிய போயிருக்காங்கன்னு சொன்னா என்ன?"

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன். தெரியாதுதான். உண்மையைச் சொல்வது எப்போதிலிருந்து குற்றம் ஆனது?

அக்டோபர் 7, சனி

முதல் இல்லம். வாசலில் செயற்கைப் புல். மேனேஜர் ஒரு பையன், இந்த வெயிலில் கோட்டு. மைனியைத் தனியாக விட முடியாது என்று கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளோ தன்னை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருப்பதாக நினைத்துவிட்டாள். நேரே சமையல்கட்டுக்குள் போய் அண்டாவின் அடியை விரலால் தடவி மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுல பிள்ளையளுக்குச் சோறு வடிச்சா காலரா வரும்." கரி இருந்தது உண்மை. மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "செத்துப்போனவங்களை எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"டூர் போயிருக்காங்க, அடுத்த வாரம் வருவாங்கன்னு சொல்லிருவோம் மேடம். அஞ்சு நிமிஷத்துல மறந்துருவாங்க" என்று பல்லைக் காட்டினான்.

பொய்க்காரப் பயல். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

குழாயில் தண்ணீர் இல்லை. அவள் சேலையை மூன்று தரம் மாற்ற வேண்டியிருந்தது. வேறென்ன எழுத.

அக்டோபர் 11, புதன்

நல்ல தண்ணீர் பிடித்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஆய்ந்து வைத்ததை அவள் எடுத்துக் குப்பையில் போட்டாள். அதையே பொறுக்கி அலசிப் பொரியல் வைத்து அவளுக்கே போட்டேன்.

ஷெர்லின் மறுபடியும் போன். "அத்தை மேல உனக்கு என்னம்மா அவ்வளவு கோவம்? அப்பா இருக்கும்போதும் நீ அவங்ககிட்ட முகங்குடுத்துப் பேசினதில்ல." அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

1981. எனக்குப் பத்தொன்பது வயது. டீச்சர் டிரெயினிங் கடைசி வருஷம், மைனி வார்டனாக இருந்த ஹாஸ்டலில்தான் தங்கிப் படித்தேன். அப்பா சாத்தான்குளம் பக்கம் ஒரு சின்ன ஊர்ச் சபையில் உபதேசியார். திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது, வியாழக்கிழமை முடிந்தது. வியாழன் சாயங்காலம் வார்டன் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, "ஊர்லேருந்து தந்தி வந்திருக்கு, அப்பா தவறிட்டாவ" என்றாள். ஆயாவைத் துணைக்கு வைத்துப் பஸ் ஏற்றிவிட்டாள். ஊருக்குப் போனால் அப்பாவைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கல்லறை மேல் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. தந்தி அன்றைக்கே கொடுத்துவிட்டோமே என்றார்கள். தபால்காரன்தான் தாமதம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அந்தத் தபால்காரனை எத்தனை வருஷம் சபித்தேன்.

நாலு வருஷம் கழித்து இவளே வீட்டுக்கு வந்து தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டாள். தகப்பன் இல்லாத வீடு, ஒரு பொட்டு நகை இல்லை. அம்மா கர்த்தர் செயல் என்று அழுதாள்.

ரிட்டயர் ஆகி இவள் என் வீட்டுக்கு வந்த அன்று பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். அவள் பைபிளுக்குள் ஒரு தந்தி. என் அப்பா பெயர். தபால் முத்திரை மே 4. திங்கட்கிழமை. முதல் பரீட்சை அன்றைக்குக் காலையிலேயே வந்திருக்கிறது.

ஹாஸ்டல்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நேரத்தில் கெட்ட சேதி வந்தால் வார்டன் பிரித்துப் படித்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்வாள். பரீட்சை முடியட்டும் என்பாள். எங்களுக்கும் அது தெரியும், அடுத்தவளுக்கு நடக்கும் என்று நினைத்திருந்தோம்.

அந்த நாலு நாளும் காலையில் எனக்கு மட்டும் ஒரு அவித்த முட்டை கொடுத்தாள். ஹாஸ்டலில் முட்டை ஈஸ்டருக்கு மட்டும்தான். அவளே உரித்து என் தட்டில் வைத்தாள். மற்ற பிள்ளைகள் வயிறெரிந்தார்கள். நான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குவேன் என்று கவனிக்கிறாளாக்கும் என்று பூரித்துப்போனேன். அப்பாவைக் குழிக்குள் இறக்கின நேரம் நான் முட்டை தின்றுகொண்டிருந்திருக்கிறேன். தந்தியைப் பார்த்த நாளிலிருந்து முட்டை தொடுவதில்லை. கொழுப்பு என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் நினைக்கிறார்கள்.

பதினாறு வருஷமாக நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்வாள் என்று இருந்தேன். ஒரு வார்த்தை, தப்புதான் என்று. சொல்லிவிட்டு மறந்து தொலையட்டும். இப்போது ஒவ்வொரு வாரமும் அவள் மண்டையிலிருந்து ஒன்று கழன்று விழுகிறது. அந்த வார்த்தையும் விழுவதற்கு முன்னால் எனக்கு அது வேண்டும்.

அக்டோபர் 14, சனி

இரண்டாவது இல்லம். உள்ளே நுழைந்ததும் டெட்டால் வாடை. ஹாலில் டிவி அலறுகிறது, இருபது பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாப் பொம்பளைகளுக்கும் தலையை ஒட்ட வெட்டியிருக்கிறது. "பேன் தொல்லை, சீவி விட யாருக்கு நேரம்" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

மைனி ஒருத்தியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். "டைபாய்டா இந்தப் பிள்ளைக்கு?"

வேண்டாம் என்று வந்துவிட்டேன். வாடைதான் காரணம். மைனியின் தலைமுடி இன்னும் இடுப்பு வரைக்கும் இருக்கிறது. தினம் எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னி விடுவது நான்தான். சிக்கு விழுந்தால் எனக்குத்தானே தொல்லை, அதனால்.

அக்டோபர் 15, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் கேட்டே விட்டேன். கொஞ்சம் தெளிவாக இருந்தாள், பாட்டெல்லாம் சரியாகப் பாடினாள். பைபிளிலிருந்து தந்தியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இது யாருக்கு வந்தது மைனி?"

தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "ஹாஸ்டல் பிள்ளைக்கு."

"எந்தப் பிள்ளைக்கு?"

"ரெஜிஸ்டரப் பாக்கணும்."

"அன்னைக்கே ஏன் குடுக்கல?"

"பரீட்சைல்லா" என்றாள், நான் முட்டாள்தனமாகக் கேட்டதுபோல. "பரீட்சை முடியட்டும்னுதான் எல்லாம். அது ரூல்."

அவ்வளவுதான். ரூலாம். தந்தியைப் பழையபடி மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, சேலையை நீவி விட்டுக்கொண்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "செல்வின் செத்துட்டாவ" என்றேன். "ஒங்க தம்பி. மூணு வருசம் ஆச்சு. பொதைச்சாச்சு."

அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 16, திங்கள்

நேற்று எழுதினதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

மூன்றாவது இல்லம். தென்காசி ரோட்டில், ஆலங்குளத்துக்கு முன்னால். ஓட்டுக் கட்டடம், சுற்றி வேம்பு. அலங்காரம் ஒன்றும் இல்லை. நடத்துகிறவர் சுடலைமுத்து, ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்தவராம். உட்காருங்க என்றுகூடச் சொல்லாமல் ஒரு கிழவருக்கு நகம் வெட்டிக்கொண்டே பேசினார்.

என் கேள்வியைக் கேட்டேன்.

"ஆளைப் பொறுத்து டீச்சர்" என்றார். "நீங்க வீட்ல என்ன சொல்லுதிய?"

"உள்ளதைச் சொல்லுதேன். இறந்துட்டாவன்னு."

"எத்தன தரம்?"

"கேக்கும்போதெல்லாம்."

நகவெட்டி நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தினமுமா?"

என்ன பார்வை அது. நான் என்ன கொலையா பண்ணினேன். இவருக்கு என்ன தெரியும் எனக்கும் அவளுக்கும் நடுவில் என்ன கிடக்கிறதென்று. ஃபாரத்தைக் கையில் கொடுத்து, வியாழக்கிழமை காலையில் கொண்டுவந்து ஒரு பகல் விட்டுப் பாருங்கள், அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா தெரியும் என்றார். எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன். ஆனால் அங்கே ஒருத்திக்கு இன்னொருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கும் நாள் நெருங்குகிறது.

அக்டோபர் 22, ஞாயிறு

ஃபாரம் நிரப்பினேன். பெயர், வயது, மாத்திரை, என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார். பிடித்தது: சுத்தம். பயம்: ஒன்றும் கிடையாது, மற்றவர்கள்தான் இவளுக்குப் பயப்படுவார்கள். கடைசியில் ஒரு கட்டம். 'இறந்த உறவினரைக் கேட்டால் நாங்கள் சொல்ல வேண்டியது.' அதைக் காலியாக விட்டுவிட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

காலையில் புறப்படும்போதே கேட்டாள். "செல்வின் எங்க? அவன் வரலையா?" சொன்னேன். வழக்கம்போல நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்து, சேலையை மாற்றி, பின்னலை முடித்து ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் பேசவில்லை. மறுபடியும் கேட்பாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன், கேட்கவில்லை. என்னையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இல்லத்தில் காலைச் சாப்பாடு. எல்லோருக்கும் ரெண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை. அவளை மேஜையில் உட்கார்த்திவிட்டு நான் ஜன்னல் பக்கம் பெஞ்சில் ஃபாரத்தோடு இருந்தேன். இட்லியைத் தின்றாள். முட்டையைத் தொடவில்லை. எழுந்து நேரே சுடலைமுத்துவிடம் போனாள். ரகசியம் பேசுகிறாளாம். அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், ஹாஸ்டலிலேயே அப்படித்தான்.

"சார், அந்தா பெஞ்சுல இருக்குல்லா ஒரு பிள்ளை, எப்சிபா."

"ஆமா."

"அவ வீட்டுக்காரன் தவறிட்டான். சேதி வந்துட்டு. அவளுக்கு இன்னும் தெரியாது."

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். நான் ஃபாரத்தைப் பார்த்தேன்.

"சனிக்கிழமை வரைக்கும் அவளுக்குப் பரீட்சை. யாரும் வாயத் தெறக்கப்படாது, கேட்டியளா? மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சிருவா, கெட்டிக்காரி. இங்கன ஒருத்தரும் அவ முன்னால அழப்படாது."

"சரிம்மா, சொல்லல" என்றார்.

"அவ அப்பா தவறினப்பவும் நான்தான் வச்சிருந்தேன். நாலு நாளு. எனக்குச் சோறு எறங்கல. எதுத்தாப்புல வந்து நின்னு, அக்கா, இன்னைக்கு நல்லா எழுதினேன்னு சொல்லுதா. நான் என்ன செய்ய? எழுதாம போனா மறுவருசம் யாரு அனுப்புவா அவள? தகப்பன் இல்ல." பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு மட்டம் என்னால ஆவாது சார். இந்த வாட்டி நீங்க சொல்லிருங்க."

திரும்பி மேஜைக்குப் போனாள். முட்டையை எடுத்தாள். ஓடு சரியாக வரவில்லை, ஆனாலும் அவளேதான் உரித்தாள். உரித்ததைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து வந்து, தட்டு இல்லாததால் என் ஃபாரத்தின் மேலேயே வைத்தாள்.

"சாப்பிடுட்டி. எழுதணும்லா."

நான் எதற்காகப் பதினாறு வருஷம் காத்திருந்தேனோ அந்த வார்த்தை இது இல்லை. தப்பு என்று அவள் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நானும் இங்கே எழுத மாட்டேன். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, அது பார்க்காததுதான். ஆனால் தினம் மூன்று தரம் நான் அவள் தலையில் போட்ட கல்லை, இன்றைக்கு ஒரு மணி நேரம் ஞாபகம் நின்றவுடன், என் மேல் விழாமல் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவர் பொண்டாட்டி. எனக்குத் தெரியாதென்று நினைத்து, ஆட்டோவில் அவ்வளவு தூரமும் அழுகையை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேடவில்லை, வெட்கம்தான்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஹாஸ்டலில் நின்றதுபோல. முட்டையைச் சாப்பிட்டேன். உப்புப் போடாத முட்டை. சுடலைமுத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 27, வெள்ளி

ஷெர்லினிடம் சொன்னேன், ஆலங்குளத்து இல்லம்தான் என்று. "எப்படிம்மா முடிவு பண்ணின?" என்றாள். சாப்பாடு பரவாயில்லை என்றேன்.

அக்டோபர் 30, திங்கள்

துணிகளில் பெயர் தைத்தேன். இல்லத்தில் துணி மாறிப்போகுமாம். 'நவமணி' என்று பதினெட்டு உருப்படியில் சிவப்பு நூலால் தைத்தேன். ஹாஸ்டலில் சேர்ந்தபோது எங்கள் துணியிலும் இப்படித்தான் தைக்கச் சொன்னாள், கோணலாக இருந்தால் பிரிக்கச் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரெண்டைப் பிரிக்கச் சொன்னாள். பிரித்துத் தைத்தேன்.

இன்றைக்கு ஒரு தரம்தான் கேட்டாள், செல்வின் எங்கே என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை.

நவம்பர் 4, சனி

கொண்டுபோய் விட்டேன். காலையிலிருந்தே மழை. பைபிளை அவள் பெட்டியிலேயே வைத்தேன், தந்தியோடு. அது மைனியிடமே இருந்துகொள்ளட்டும்.

இதுவரை அவள் என்றுதான் எழுதிவந்தேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் மைனி விரலால் தடவிப் பார்த்தார்கள். பாஸ் போட்டார்கள். கதவுப்பக்கம் நின்று என்னிடம் கேட்டார்கள், "ஒனக்குப் பரீட்சை என்னைக்கு?"

நாளை மறுநாள்தான் ஆபரேஷன். "திங்கக்கிழமை, மைனி."

"பயப்படாம எழுது. ஒன்பது மணிக்குப் படுத்துரு."

"சரி மைனி."

வெளியே நல்ல இடி. கரண்ட் போய்விட்டது. ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"செல்வின் எங்கட்டி?"

சுடலைமுத்து கையில் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றிருந்தார். அந்தக் கடைசிக் கட்டத்துக்காக என் ஃபாரம் இன்னும் மேஜையில் கிடந்தது.

"லைன் பாக்கப் போயிருக்காவ மைனி. கரண்ட் போயிட்டுல்லா."

"இந்த மழையிலயா?" நெஞ்சில் கைவைக்கவில்லை. சலித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். "ஈரக் கம்பத்துல ஏறப்படாதுன்னு அவன்ட்ட சொல்லு."

"சொல்லுதேன்" என்றேன். பேனாவை வாங்கிக் கட்டத்தில் அதையே எழுதினேன். லைன் பார்க்கப் போயிருக்கிறார்.